கேள்வி பதில் பக்கம்: பேரரசுக்கு வேலை பாத்த கை

நம்ம பர்மா சுதந்திர தினம் ஜனவரி 4 வந்துட்டுப் போனதுல இருந்து சுதந்திரத்த பத்தியே கேள்வி வந்துக்கிட்டிருக்கு, அதனால இந்த தடவ சமையல் கேள்வி, ஜாதக கேள்வி எல்லாத்தையும் அடுத்த இதழுக்கு தள்ளிட்டு இத மட்டும் எடுத்துக்கறேன். கேட்டவங்க பேரு போடல, ஊரு மட்டும் போட்டிருக்கேன்.

தட்டோன், பத்தாங்கிளாஸ் மாணவர்: ஐயா, ஒரு நாடு பேரரசுகிட்ட இருந்து பிரியறது சண்டை போட்டா, இல்ல மேஜையில உக்காந்து பேசியா? புத்தகத்துல ரெண்டும் இருக்கு. எது நெசம்?

தம்பி, ரெண்டும் நடந்திருக்கு. ஆனா சண்டையும் பேச்சும் வெளிய தெரியறது, அதுக்கு அடியில இன்னொண்ணு நடக்கணும், பேரரசுக்கு வேலை பாக்கற ஆளுங்க இனிமே பாக்க மாட்டோம்னு கைய எடுத்துக்கணும், அது நடக்காத வரைக்கும் சண்டை போட்டாலும் தோத்துருவோம், பேசப் போனாலும் வாசல்லயே உக்கார வச்சுருவான். பர்மாவ ஆள வந்த வெள்ளைக்காரங்க எத்தன பேரு? ஜில்லாவுக்கு கைவிட்டு எண்ணிரலாம். துப்பாக்கி தூக்குனது, வரி வசூல் பண்ணுனது, தந்தி அடிச்சது, ரயில் ஓட்டுனது, துறைமுகத்துல மூட்டை ஏத்துனது எல்லாம் நம்மள மாதிரி ஆளுங்கதான். பர்மாவ புடிச்சதும் அப்படித்தான். 1824ல ரங்கூன்ல வந்து எறங்குன படையில மெட்ராஸ் பட்டாளம் இருந்துச்சு, 1826 யண்டபோ ஒப்பந்தத்துல அரக்கானும் தெனாசரிமும் போச்சு, 1852ல பெகு போச்சு, 1885 நவம்பர்ல மாண்டலே அரண்மனை வரைக்கும் போயி திபோ ராஜாவ புடிச்சு ரத்னகிரிக்கு அனுப்பிட்டு 1886 ஜனவரி 1ம் தேதி மிச்ச நாட்டையும் சேத்துக்கிட்டாங்க. மூணு சண்டையிலயும் இந்திய சிப்பாய் இருந்தான்.

இப்ப ரெண்டு வருஷத்த பக்கத்துல பக்கத்துல வச்சு பாரு. 1930 டிசம்பர், தராவதி ஜில்லா. நெல்லு வெல விழுந்து கெடக்கு, தலவரி மட்டும் கொறையல, கட்டியே ஆகணும்னு நிக்கறாங்க, சாயா சான் தலைமையில விவசாயிங்க கெளம்புனாங்க. கையில வாளு, ஈட்டி, கொஞ்சம் நாட்டு துப்பாக்கி, ஒடம்புல பச்ச குத்தி தாயத்து கட்டிக்கிட்டு மெஷின்கன்னுக்கு எதிர்ல நடந்தாங்க. தைரியத்துல ஒரு கொறையும் இல்ல, ஆயிரக்கணக்குல செத்தாங்க. ஆனா பட்டாளம் அரசாங்கத்தோட நின்னுச்சு, போலீசும் நின்னுச்சு, பத்தாததுக்கு இந்தியாவுல இருந்து கூடுதல் படை கப்பல்ல வந்துச்சு. 1931 நவம்பர்ல சாயா சானுக்கு தூக்கு, 1932க்குள்ள எல்லாம் அடங்கிருச்சு.

அடுத்தது 1946. யுத்தம் முடிஞ்சு கவர்னர் டார்மன் ஸ்மித் திரும்பி வந்து மூணு வருஷம் கவர்னர் ஆட்சிதான், அப்புறம் பாப்போம்னு லண்டன் போட்ட வெள்ளை அறிக்கைய கையில வச்சிருந்தாரு. சுதந்திரப் போராட்டத் தலைவர் ஆங் சான கைது பண்ணலாமான்னு யோசன ஓடுச்சு, 1942ல ஒங்க தட்டோன் பக்கத்துல ஒரு ஊர்த்தலைவர கொன்ன கேஸு இருந்துச்சு, அத தோண்டி எடுத்தாங்க. ஆனா கைது பண்ணுனா நாடு பத்திக்கும்னு பயந்து விட்டுட்டாங்க, ஆகஸ்ட்ல டார்மன் ஸ்மித்துக்கு பதிலா ஹூபர்ட் ரான்ஸ் வந்தாரு. வந்த கையோட செப்டம்பர்ல ரங்கூன் போலீஸ்காரங்க ஸ்டிரைக்! விலவாசி ஏறிப்போச்சு, இந்த சம்பளத்துல குடும்பம் நடத்த முடியாதுன்னு கான்ஸ்டபிள்ங்க டூட்டிக்கு போகல. அடுத்து தபால் ஆபீஸ், ரயில்வே, அரசாங்க கிளார்க்குங்கன்னு ஒண்ணு ஒண்ணா நின்னுபோச்சு. தராவதியில ரெண்டு வருஷம் ரத்தம் சிந்தி கெடைக்காதது இங்க அதே மாசக் கடைசியில கெடச்சுது, ரான்ஸ் ஆங் சான கவுன்சில்ல சேத்து பாதுகாப்பு, வெளிவிவகாரம் ரெண்டையும் கையில குடுத்தாரு. 1947 ஜனவரி 27ல லண்டன்ல ஆங் சானும் பிரிட்டிஷ் பிரதமர் அட்லியும் சுதந்திரத்துக்கான ஒப்பந்தத்துல கையெழுத்து போட்டாங்க.

நடுவுல என்ன மாறுச்சுன்னா, சாயா சான் கலகத்த அடக்க வந்த மாதிரி இந்திய பட்டாளம் இனிமே வராதுன்னு ஆயிருச்சு. 1945 நவம்பர்ல டெல்லி செங்கோட்டையில ஐஎன்ஏ, அதான் நேதாஜியோட இந்திய தேசிய ராணுவம், அதோட ஆபீசர்ங்க மேல நடந்த வழக்கு இந்தியாவையே கெளப்பி விட்டுருச்சு, 1946 பிப்ரவரி 18ல பம்பாயில கடற்படை மாலுமிங்க கலகம் பண்ணுனாங்க. அதே சமயம் இந்தோனேசியாவுல சுரபயாவுக்கு அனுப்புன இந்திய சிப்பாய்ங்கள்ல நூத்துக்கணக்குல பேரு இந்தோனேசியாக்காரங்க பக்கமே போயிட்டாங்க. செப்டம்பர் 2ல நேரு டெல்லியில இடைக்கால அரசாங்கத்துல உக்காந்துட்டாரு, அவரு பர்மாவ அடக்க ஒரு சிப்பாயையும் அனுப்பப் போறதில்ல. அட்லி நல்லவரு அதனால குடுத்தாருன்னு சிலபேரு சொல்றாங்க, நான் ஒத்துக்கறதில்ல, அவருக்கு வேற வழி இல்ல.

போர்ச்சுகல் கதையும் இதேதான். அங்கோலா, மொசாம்பிக், கினி பிசாவ்னு மூணு எடத்துலயும் பத்து வருஷம் போல கெரில்லா சண்டை, கடைசியில 1974 ஏப்ரல் 25ம் தேதி லிஸ்பன்ல அவங்க சொந்த ராணுவத்து இளம் கேப்டன்களே இந்த சண்டைக்கு எங்களால முடியாதுன்னு அரசாங்கத்த கவுத்துட்டாங்க, 1975 முடியறதுக்குள்ள மூணு நாடும் தனி நாடு. காட்டுல சண்டை போட்டவங்க இல்லன்னா அந்த கேப்டன்களுக்கு அலுப்பே வந்திருக்காது, அதையும் மறந்துராத. பரீட்சையில எழுதும்போது எந்த நாடா இருந்தாலும் அங்க யாரு வேலைய நிறுத்துனாங்கன்னு தேடி எழுது, மார்க்கும் வரும், விஷயமும் புரியும்.

மோல்மேன், வாசகர்: ஆங் சான் மொதல்ல ஜப்பான்காரனோட சேந்தாரு, அப்புறம் அவனையே திருப்பி அடிச்சாரு. இது சரியாண்ணே?

தம்பி, 1940 ஆகஸ்ட்ல அவரு திருட்டுத்தனமா கப்பல் ஏறி சீனாவுல அமாய்க்கு போனப்ப ஆயுதம் யாரு குடுத்தாலும் வாங்கிக்கலாம்ங்கற நெலமையிலதான் போனாரு, கண்டுபுடிச்சு டோக்கியோவுக்கு கூட்டிட்டு போனது ஜப்பான்காரன். அவரையும் சேத்து முப்பது பேருக்கு ஹைனான் தீவுல பயிற்சி, 1941 டிசம்பர்ல பாங்காக்ல பர்மா விடுதலைப் படை, 1942 மார்ச்ல ரங்கூன் விழுந்துச்சு. பேரரசோட மோதறவங்க இன்னொரு பேரரசுகிட்ட உதவி வாங்கறது பழக்கமான விஷயம்தான். அமெரிக்காக்காரங்க 1781ல யார்க்டவுன்ல ஜெயிச்சாங்கன்னா பிரெஞ்சு கப்பல்படை கடல அடைச்சு நின்னதாலதான், பிரெஞ்சு ராஜாவுக்கு சுதந்திரத்து மேல ஆசையா என்ன, இங்கிலாந்து மேல பக.

ஆனா வாங்குன உதவிக்கு வெல உண்டு, அத குடுக்கறது தலைவருங்க இல்ல, சாதாரண ஜனம். 1943 ஆகஸ்ட் 1ல ஜப்பான் பர்மாவுக்கு சுதந்திரம்னு அறிவிச்சுச்சு, பா மாவ் தலைவராவும் ஆனாரு, ஆனா கெம்பெய்தாய்ங்கற ஜப்பான் ராணுவ போலீசுக்கு எதிர்ல அந்த அரசாங்கத்தால மூச்சு விட முடியல. ஒங்க ஊருக்கு தெக்க தன்புசயாட்டுக்கு போயிருப்பீங்க, யுத்தத்துல ஜப்பான்காரன் போட்ட சயாம் ரயில்பாதை அங்கதான் முடிஞ்சுது. அங்க இருக்கற யுத்த கல்லறையில மூவாயிரத்துக்கும் மேல சமாதி, புல்லு வெட்டி, ஒவ்வொண்ணுக்கும் பலகை வச்சு, பேரு, வயசு, ரெஜிமெண்ட் எல்லாம் பொறிச்சு வச்சிருப்பாங்க, பெரும்பாலும் கைதியா புடிபட்ட வெள்ளைக்கார சிப்பாய்ங்க. அதே பாதையில மலாயா தோட்டத்துல இருந்து வண்டி ஏத்திட்டு வந்த தமிழ் ஆளுங்களும், பர்மாக்காரங்களும், மலாய்க்காரங்களும் பல பத்தாயிரம் பேரு காலராவுலயும் பட்டினியிலயும் செத்தாங்க, அவங்களுக்கு அங்க ஒரு பலகை இல்ல. நான் போறப்ப எல்லாம் மனசு ஆறாம திரும்பற எடம் அது.

அதனால 1945 மார்ச் 27ல ஆங் சான் படை ஜப்பான் மேல திரும்புனத நான் துரோகம்னு சொல்ல மாட்டேன், திரும்பாம இருந்திருந்தாதான் சொந்த ஜனத்துக்கு துரோகம். என் மனசு ஒப்பாதது வேற ஒண்ணு. 1942ல அந்த படை டெல்டாவுக்குள்ள போனப்ப மியாங்மியா பக்கம் கரேன் இனத்து கிராமங்கள்ல நடந்த கொலை. கரேன் ஆளுங்க பிரிட்டிஷ் பட்டாளத்துல அதிகம் இருந்தாங்க, 1939ல பர்மா படையில பர்மியர் ஐநூறு பேரு கூட இல்ல, கரேன் அதுமாதிரி ரெண்டு மடங்குக்கு மேல. எதிரிக்கு வேலை பாத்தவன் எதிரின்னு கணக்கு போட்டு ஊருல இருந்த பொம்பள, புள்ளைங்க மேல கை வச்சாங்க. 1949 ஜனவரியில கரேன் படை ரங்கூன் பக்கத்துல இன்சீன் வரைக்கும் வந்து நின்னுச்சே, அதுக்கு வெத அங்க போட்டது.

பெகு, வாசகி: எங்க பாட்டி 1942ல கைப்புள்ளையோட நடந்தே இந்தியாவுக்கு போனாங்க, பாதியில புள்ள செத்துப்போச்சு. பர்மாக்காரங்க சுதந்திரத்துக்குத்தானே போராடுனாங்க, நம்மள ஏன் அடிச்சாங்க? இத யாருகிட்ட கேட்டாலும் பேச்ச மாத்தறாங்க.

தங்கச்சி, நான் மாத்தல. கொஞ்சம் நீளமா சொல்றேன், பொறுத்துக்கோம்மா.

1931 ஜனத்தொகை கணக்குப்படி ரங்கூன்ல நாலு லட்சம் பேரு, அதுல 2 லட்சத்து 12 ஆயிரம் பேரு இந்தியருங்க. சொந்த நாட்டு தலைநகர்லயே பாதிக்கு மேல வெளிநாட்டு ஆளு. ரிக்சா இழுக்கறது, கக்கூஸ் அள்றது, துறைமுகம், மில்லு, ரயிலு, போஸ்டாபீஸ், ஆஸ்பத்திரி, எங்க பாத்தாலும் நம்ம ஆளுங்க. தமிழ், தெலுங்கு, ஒரியா, வங்காளின்னு மேஸ்திரிங்க ஊர் ஊரா போயி முன்பணம் குடுத்து கப்பல்ல ஏத்திட்டு வந்தாங்க, வந்தவன் அந்த முன்பணத்த கழிக்கவே வருஷக்கணக்கா மாடா ஒழச்சான். இது ஒரு பக்கம்.

இன்னொரு பக்கம் நெலம். ஐராவதி டெல்டாவுல காட்ட அழிச்சு நெல்லு போட பணம் குடுத்தது ரங்கூன் முகல் ஸ்ட்ரீட்ல கிட்டங்கி, அதான் வட்டிக்கடை ஆபீஸ், வச்சிருந்த நம்ம செட்டியாருங்க, அந்த பணம் இல்லன்னா பர்மா ஒலகத்துலயே பெரிய அரிசி ஏத்துமதி நாடா ஆகியிருக்காது, இது நெசம். 1930ல உலகம் முழுக்க வெல விழுந்தப்ப நெல்லும் விழுந்துச்சு, வாங்குன கடன் அப்படியே நிக்குது, வட்டி ஏறுது. செட்டியாருக்கு வேண்டியது பணம், சேறு இல்ல, ஆனா பணம் வராததால நெலம் கைக்கு வந்துச்சு. கீழ் பர்மாவுல நெல்லு வெளயற 13 முக்கிய ஜில்லாவுல செட்டியாருங்க கையில இருந்த நெலம் 1930ல நூத்துக்கு ஆறு பங்கு, 1937ல நூத்துக்கு இருபத்தஞ்சு பங்கு. ஏழு வருஷத்துல! தாத்தா வெட்டுன வரப்புல பேரன் குத்தகைக்காரனா நிக்கறான், குத்தகை வாங்க வர்ற ஏஜெண்டு தமிழ் பேசறான், பின்னால வர்ற போலீஸ்காரனும் இந்தியன், கேஸு நடக்கற கோர்ட்டுல கிளார்க்கும் இந்தியன். லண்டன்ல நெல்லு வெலய நிர்ணயம் பண்றவன் மூஞ்சிய அந்த விவசாயி ஆயுசுக்கும் பாத்ததில்ல. அவன் பாத்த பேரரசு நம்ம மூஞ்சியிலதான் இருந்துச்சு.

1930 மே மாசத்துல நடந்தத கேளு. ஒங்க பெகுவ பூகம்பம் தரமட்டமாக்குன அதே மாசம். ரங்கூன் துறைமுகத்துல மூட்டை தூக்கற ஆளுங்க, பெரும்பாலும் தெலுங்கு ஆளுங்க, கூலி ஒசத்த கேட்டு ஸ்டிரைக் பண்ணுனாங்க. கப்பல் கம்பெனிக்காரங்க பர்மாக்காரங்கள கூட்டிட்டு வந்து வேலைக்கு விட்டாங்க. அப்புறம் தெலுங்கு ஆளுங்களோட சமரசம் பேசி கூலிய கொஞ்சம் ஏத்தி குடுத்துட்டு, மறுநாள் காலையில சோத்து மூட்டையோட வேலைக்கு வந்த பர்மாக்காரங்கள போங்கடான்னுட்டாங்க. அங்க ஆரம்பிச்ச கைகலப்பு ஊரு பூரா பரவி நூறு பேருக்கு மேல செத்தாங்க, அதிகம் இந்தியருங்க. ரெண்டு பக்கமும் அன்னாடங்காய்ச்சி. ரெண்டு பேரையும் மோத விட்டு மூட்டைய ஏத்திக்கிட்ட கம்பெனிக்கு ஒரு கீறலும் விழல. அந்த கலவரத்துக்கு அப்புறம் உருவான இயக்கம்தான் தோபாமா, பின்னால ஆங் சானும், அப்புறம் பிரதமரான ஊ நுவும் வந்து சேந்தது அதுலதான். 1938ல மறுபடியும் கலவரம், அப்ப முஸ்லிம் கடைங்களும் பள்ளிவாசலும் கொளுத்துனாங்க.

அதுக்கு மேல 1941 டிசம்பர் 23ல ரங்கூன்ல குண்டு விழுந்துச்சு. ஆங்கில அரசாங்கம் வடக்க பின்வாங்க பின்வாங்க, கெழக்க ஜப்பான், சுத்தி கோபத்துல இருக்கற ஊருங்க, நம்ம ஜனம் நாலஞ்சு லட்சம் பேரு கெளம்பிட்டாங்க. புரோம்ல இருந்து தௌங்குப் கணவா வழியா அரக்கான், இல்லன்னா தாமு வழியா மணிப்பூர், கடைசியா போனவங்க ஹுக்காங் பள்ளத்தாக்கு வழியா லெடோ, அங்க மழை புடிச்சுக்கிச்சு, சேறு முழங்கால் வரைக்கும், அட்டை, மலேரியா. எத்தன ஆயிரம் பேரு செத்தாங்கன்னு யாரும் ஒழுங்கா எண்ணல. வெள்ளைக்காரங்களுக்கு வசதியான தடம், இந்தியருக்கு வேற தடம்னு அப்பவே இந்தியாவுல பெரிய புகாரா எழுந்துச்சு. நூறு வருஷம் அவனுக்காக பட்டாளத்துலயும் ஆபீசுலயும் வேலை பாத்த சனத்துக்கு கடைசியில கெடச்சது இந்த நட.

எங்க ஆளுங்க மேல தப்பே இல்லன்னு சொன்னா அது பொய்யாயிரும். பர்மாவுல சம்பாதிச்சு ஊருல வீடு கட்டுனோம், பர்மிய பாஷை கத்துக்காதவங்க நெறைய, 1937 ஏப்ரல் 1ல பர்மா இந்தியாவுல இருந்து தனியா பிரிஞ்சப்ப நம்ம பெரிய மனுஷங்க சட்டசபையில தனி சீட்டு, யாவார பாதுகாப்புன்னு கவர்னர பாத்துத்தான் நின்னாங்க, தெருவுல நின்ன பர்மிய மாணவன பாத்து நிக்கல. விவசாயி கோபத்துல நியாயம் இருந்துச்சு, ஆனா அடி விழுந்தது கிட்டங்கி மேல இல்ல, ரிக்சாக்காரன் மேலயும் ஒங்க பாட்டி மேலயும், அது பெரிய அநியாயம். சுதந்திரப் போராட்டம்னு சொல்லி அந்த அநியாயத்த மூடக் கூடாது, அநியாயத்த சொல்லி போராட்டமே தப்புன்னும் ஆக்கக் கூடாது. பாட்டி கூட நடந்தவங்க யாராவது உயிரோட இருந்தா எந்த வழியில போனாங்க, எந்த ஊருல தங்குனாங்கன்னு கேட்டு எழுதி வையிம்மா.

யாங்கோன் (பழைய ரங்கூன்), வாசகர்: எங்க தாத்தா ஐஎன்ஏல இருந்தவரு. தோத்துப்போன படைதானே, என்னத்த கிழிச்சாங்கன்னு பசங்க கேக்கறாங்க. என்ன சொல்றது?

இம்பால்ல தோத்தது நெசம். நேதாஜி 1944 ஜனவரியில தலைமையகத்த ரங்கூனுக்கு மாத்துனாரு, மலாயா ரப்பர் தோட்டத்துல பால் வெட்டிக்கிட்டிருந்த தமிழ் பசங்க, ஜான்சி ராணி படையில பொண்ணுங்க, எல்லாம் இந்த ஊரு தெருவுல அணிவகுத்து போனாங்க. அப்புறம் பசி, மழை, மலேரியா.

ஆனா ஒங்க பசங்களுக்கு ஒரு விஷயம் சொல்லுங்க. 1945 ஏப்ரல் 24ம் தேதி நேதாஜி ரங்கூன விட்டு கெளம்பறாரு, ஜப்பான் படையும் காலி பண்ணுது, பிரிட்டிஷ் படை இன்னும் வந்து சேரல. நடுவுல ஊருக்கு அரசாங்கமே இல்லாத ஒரு வாரம். 1942ல இதே மாதிரி அரசாங்கம் ஓடிப்போன நாள்ல ரங்கூன்ல கொள்ளை, தீ, கொலைன்னு என்னெல்லாம் நடந்துச்சுன்னு நம்ம ஜனத்துக்கு நல்லா ஞாபகம் இருந்துச்சு. இந்த தடவ நேதாஜி அஞ்சாறாயிரம் பேர இங்கயே நிறுத்திட்டு போனாரு, தலைமை யாருன்னா மேஜர் ஜெனரல் லோகநாதன், நம்ம தமிழரு, டாக்டரு, அதுக்கு முன்னாடி அந்தமானுக்கு கமிஷனரா இருந்தவரு. அவங்க ஆளுங்க தெருவுல காவல் நின்னு ஊர பாதுகாத்தாங்க. ஜெயில்ல இருந்த பிரிட்டிஷ் கைதிங்க, ஜப்பான்காரன் போயிட்டான்னு ஜெயில் கூரையில பெருசா எழுதி விமானத்துக்கு காட்டுன வாரம் அது. மே மாசம் ஆரம்பத்துல பிரிட்டிஷ் படை வந்ததும் லோகநாதன் ஊர ஒப்படைச்சுட்டு கைதானாரு. அப்புறம் நடந்த செங்கோட்டை வழக்கு, கடற்படை கலகம் எல்லாம் மேல தட்டோன் தம்பிக்கு எழுதியிருக்கேன். பிரிட்டிஷ் இந்திய சிப்பாய் திரும்பி நிக்க முடியும்னு அந்த தலமுறைக்கு காட்டுனவங்க ஒங்க தாத்தாவோட கூட்டாளிங்கதான்.

பியே, வாசகி: வீட்டு பரண்ல பழைய தகரப் பெட்டியில ஒரு கட்டு ரூபா நோட்டு இருக்கு, ஜப்பான் அரசாங்கம்னு இங்கிலீஷ்ல போட்டிருக்கு. இதுக்கு இப்ப வெல இருக்கா?

பெரிய வெல எதிர்பாக்காதீங்க, கட்டுக்கட்டா அடிச்சதால இன்னும் நெறைய பேருகிட்ட இருக்கு. சீரியல் நம்பர் இருக்காது பாருங்க, பி எழுத்துல ஆரம்பிக்கற ரெண்டு எழுத்து மட்டும் இருக்கும், பி ன்னா பர்மாவுக்கு அடிச்சது. நம்பர் போடாம தேவைக்கு தேவ அடிச்சு தள்ளுனதால கடைசியில ஒரு கட்டு குடுத்தாலும் ஒரு லுங்கி வாங்க முடியாத நெலம, 1945ல பிரிட்டிஷ்காரன் வந்ததும் இது செல்லாதுன்னுட்டான். மூணு வருஷம் யாவாரம் பண்ணி சேத்த காசு ஒரே நாள்ல காகிதமாச்சு. ஒங்க வீட்டுல யாரோ அத கிழிச்சுப் போட மனசு வராம கட்டி வச்சிருக்காங்க, நீங்களும் வச்சுக்கோங்க.

தௌங்கூ, வாசகர்: சுதந்திரம் ஏன் விடிகாலை 4.20க்கு?

ஜோசியருங்க குறிச்ச நேரம். 1948 ஜனவரி 4 விடியறதுக்கு முன்னாடி 4.20க்கு ஆங்கில கொடி எறங்கி நம்ம கொடி ஏறுச்சு, காலையில கவர்னர் ரான்ஸ் பர்மிங்காம்ங்கற போர்க்கப்பல்ல ஏறி போயிட்டாரு. 1885ல பர்மாவ புடிக்கறப்ப லண்டன்ல இந்தியா மந்திரியா இருந்தது ராண்டால்ஃப் சர்ச்சில், 1947ல பர்மாவுக்கு சுதந்திரம் குடுக்கற மசோதாவ பார்லிமெண்ட்ல எதிர்த்து பேசுனது அவரு மகன் வின்ஸ்டன் சர்ச்சில். அப்பா புடிச்சத மகன் விட மனசில்லாம நின்னாரு, ஓட்டு அவரு பக்கம் விழல.

மாண்டலே, வாசகர்: தியாகிகள் தினத்துல ஒன்பது பேரு படம் வைக்கறாங்க. அதுல அப்துல் ரசாக் இந்தியரா? அவர பத்தி யாரும் சொல்றதில்லையே.

ஒங்க ஊருக்காரருங்க அவரு! மெய்க்டிலாவுல 1898ல பொறந்தவரு, அப்பா இந்திய முஸ்லிம், போலீஸ் இன்ஸ்பெக்டரு, அம்மா பர்மிய பௌத்தர். 1920 டிசம்பர்ல யுனிவர்சிட்டி சட்டத்த எதிர்த்து மாணவருங்க ஸ்டிரைக் பண்ணுனப்ப அரசாங்கத்து பள்ளிக்கூடம் வேண்டாம்னு நாடு முழுக்க தேசிய பள்ளிக்கூடங்க ஆரம்பிச்சாங்க, மாண்டலே தேசிய பள்ளிக்கூடத்துக்கு ஹெட்மாஸ்டரா பல வருஷம் இருந்தவரு ரசாக். பாலி பாஷை படிச்சு பௌத்தமும் தெரிஞ்சு வச்சிருந்தவரு. முஸ்லிம்களுக்கு தனியா சலுகை கேக்கறத விட மத்தவங்களோட சேந்து நிப்போம்னு நின்னவரு.

1947 ஜூலை 19, சனிக்கெழம, காலை பத்தரைய தாண்டி கொஞ்ச நேரம். செக்ரட்டேரியட் மாடியில ஆங் சான் தலைமையில கவுன்சில் கூட்டம் நடக்குது, பட்டாளத்து உடுப்புல வந்தவங்க கதவ தள்ளி உள்ள பூந்து சுட்டாங்க. ஆங் சானுக்கு வயசு 32. கல்வி, திட்டம் ரெண்டுக்கும் மந்திரியா இருந்த ரசாக்கும் அங்கயே செத்தாரு. ஷான் தலைவர் சாவ் சாம் டுன், கரேன் தலைவர் மான் பா கைங், இவங்களும் அந்த ஒன்பது பேருல உண்டு, ரசாக்கோட பதினெட்டு வயசு மெய்க்காவலர் கோ ட்வேயும் உண்டு. ஆள அனுப்புனது முன்னாள் பிரதம மந்திரி ஊ சா, அவருக்கு 1948 மே மாசம் தூக்கு. ஷான், கச்சின், சின் தலைவருங்க அதே வருஷம் பிப்ரவரி 12ல பாங்லாங்ல சேந்து நிப்போம்னு கையெழுத்து போட்டது ஆங் சான் வார்த்தைய நம்பி, அவரு போனதும் அந்த நம்பிக்கைக்கு ஆளு இல்லாம போச்சு. அந்த மேஜைய சுத்தி யாரெல்லாம் உக்காந்திருந்தாங்கன்னு பாத்தா அவரு எந்த மாதிரி நாட்ட நெனச்சாருன்னு தெரியும், ரசாக்கோட நாற்காலியும் அதுல ஒண்ணு. பள்ளிக்கூட புள்ளைங்களுக்கு இத சொல்லிக் குடுங்க.

தட்டோன், இன்னொரு வாசகர்: இந்தியா காமன்வெல்த்துல இருந்துச்சு, பர்மா ஏன் வெளிய வந்துச்சு? அதோட, அப்ப நம்ம ஆளுங்களுக்கு குடியுரிமை குடுக்கவே இல்லையா?

மொத கேள்விக்கு பதில் சின்னது. 1948ல குடியரசா இருக்கற நாடு காமன்வெல்த்துல இருக்க முடியாது, ராஜாவ ஏத்துக்கணும். பர்மாவுக்கு அது வேண்டாம், வெளிய வந்துருச்சு. 1949 ஏப்ரல்ல இந்தியாவுக்காக விதிய மாத்துனாங்க, அதுக்குள்ள பர்மா போயாச்சு.

ரெண்டாவதுதான் முக்கியம். குடுத்தாங்க. 1947 அரசியல் சட்டத்துல வழி இருந்துச்சு, பிரிட்டிஷ் ஆட்சியில இருந்த எடத்துல பொறந்தவரு, 1942 ஜனவரி 1க்கோ 1948 ஜனவரி 4க்கோ முன்னாடி பத்து வருஷத்துல எட்டு வருஷம் பர்மாவுல இருந்திருந்தா, இங்கயே இருக்கப் போறேன்னு சொல்லி விண்ணப்பம் போட்டு குடியுரிமை வாங்கலாம். நம்ம ஆளுங்க நெறைய பேரு போடல. ஊருக்கு போயிட்டு போயிட்டு வரலாம்னு நெனச்சாங்க, படிக்கத் தெரியாதவங்களுக்கு விஷயமே தெரியல, எட்டு வருஷம் இருந்ததுக்கு காட்டற பேப்பரு 1942 ஓட்டத்துல போயிருச்சு, போட்டவங்கள்லயும் எத்தனயோ பேரோட மனு முடிவாகாம கெடந்துச்சு. 1962 மார்ச்ல ராணுவத் தளபதி நே வின் ஆட்சிய புடிச்சாரு, 1964ல கடைங்க எல்லாம் அரசாங்கமாச்சு, மே மாசம் அம்பது, நூறு கியாட் நோட்டு செல்லாதுன்னாங்க, மூணு லட்சம் பேரு வரைக்கும் கப்பலேறி போனாங்க, மெட்ராஸ்ல பர்மா பஜாரு, பர்மா காலனின்னு இருக்கறது அவங்க போட்டது. 1982 சட்டத்துல 1823க்கு முன்னாடியே இங்க இருந்த இனத்துக்குத்தான் பொறப்புலயே முழு குடியுரிமைன்னு வச்சாங்க, மொத ஆங்கில யுத்தத்துக்கு முந்துன வருஷம் அது, பேரரசு கப்பல்ல வந்த எல்லாரையும் ஒரே கோட்டுக்கு அந்த பக்கம் தள்ளிட்டாங்க.

அதனால ஒங்க அப்பா, தாத்தா 1948ல இருந்து 1950கள் வரைக்கும் மனு போட்ட ரசீது, பழைய வாடகை சீட்டு, பள்ளிக்கூட சர்டிபிகேட், ரயில்வே பாஸ், எது இருந்தாலும் பிளாஸ்டிக் கவர்ல போட்டு வைங்க. நாலு தலமுறையா இங்கயே பொறந்து இன்னும் குடியுரிமை அட்டைக்கு அலையற குடும்பங்களுக்கு அந்த பேப்பருதான் பேசும். மனுவோட நகல் மட்டும் இருக்கு, பதில் வரலன்னா அதையும் எடுத்துக்கிட்டு நம்ம கோயில் கமிட்டியில சட்டம் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா மொதல்ல அவங்ககிட்ட காட்டுங்க, அப்புறம் இமிக்ரேஷன் ஆபீசுக்கு போங்க.